கண்டி நாட்டு நெற்களஞ்சியங்கள்

"எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்னும் பழமொழியை அறியாதவர் தமிழரிடையே மிகச் சிலரே. கடன் கொடுத்தவன் வாயிலில் வந்து நிற்கிறான். தந்தை நெற்குதிருக்குள் புகுந்து ஒளிந்துகொள்கிறார். கேளாத கேள்விக்கு மறுமொழி கூறுவான் போல், மகன் உண்மையை உளறிவிடுகிறான். நகைச்சுவை நிறைந்த இப்பழமொழியைச் சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நாள் எட்டாம் வகுப்பு மாணவருக்கு விளக்கப் புகுந்தேன். "குதிர் என்பது யாது?" என்று வினவினேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தனர். நெடுநேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஈற்றில் ஒரு மாணவன் எழுந்து, "ஆண் குதிரை, ஐயா" என்றான்.

வகுப்பு முழுவதும் சிரித்தது, நானும் சிரித்தேன். ஆயினும் அன்று மாலை வீடு திரும்பும்போது அந்தச் சிரிப்பு என்னிடம் நிலைக்கவில்லை. சொல் நாவிலே நிற்கிறது. சொல் சுட்டிய பொருளோ கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. நம் முன்னோர் ஆண்டு முழுவதும் உண்ணுதற்குரிய உணவைக் காத்துத் தந்த ஒரு கருவி, இரண்டு தலைமுறைக்குள் குதிரையாக மாறிவிட்டது. அக்கருவியின் வரலாற்றையும், எஞ்சியிருப்பதைக் காக்கும் வழியையும் பற்றியே இன்று உங்களுடன் சில நிமிடங்கள் பேச விரும்புகிறேன்.

நெல்லைச் சேமிக்கும் கலங்களுக்குத் தமிழிலே பெயர்கள் பல. குதிர், பத்தாயம், சேர், களஞ்சியம் என்பன அவற்றுட் சில. நம் நாட்டின் வடபாலுள்ளோர் கொம்பறை என்று ஒன்றைக் கூறுவர். கொம்புகளை நட்டு, வரிந்து, மண் பூசி அமைப்பது அது. கண்டி நாட்டுச் சிங்கள மக்கள் இருவகைக் களஞ்சியங்களை வைத்திருந்தனர். ஒன்று பிஸ்ஸ, மற்றொன்று அட்டுவ. பிஸ்ஸ என்பது மண்ணாலானது, சாதாரண உழவனுக்குரியது. அட்டுவ என்பது மரப்பலகைகளால் ஆகிய சிறு வீடு போன்றது. பெருநிலக்காரரின் வளவுகளிலும் விகாரைகளிலும் தேவாலயங்களிலும் அமைந்தது.

பிஸ்ஸவைக் கண்டிராத நேயர்கள் இவ்வாறு கற்பனை செய்துகொள்ளலாம். நிலத்திலே நான்கு கற்கள். அக்கற்களின் மீது வலிய மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. அவற்றின் மேல், பெரியதொரு பானையைப் போலவோ பீப்பாவைப் போலவோ, அடி ஒடுங்கி, நடு பருத்து, வாய் மீண்டும் ஒடுங்கிய ஒரு கூடை நிற்கிறது. கம்புகளையும் மூங்கிற் கீற்றுகளையும் காட்டுக் கொடிகளையும் கொண்டு பின்னிய கூடை அது. உள்ளும் புறமும் களிமண்ணும் சாணமும் குழைத்துப் பூசப்பட்டிருக்கும். தலையிலே வைக்கோலாலோ புல்லாலோ வேய்ந்த கூம்பு வடிவான கூரை குடை போலக் கவிந்திருக்கும். நெல்லைக் கொட்டவும் எடுக்கவும் வேண்டுமாயின், ஏணி வைத்து ஏறி, அக்கூரையை ஒரு புறமாக உயர்த்தி, வாய் வழியே இறங்குதல் வேண்டும். இதில் ஓர் இரும்பாணி தானும் இல்லை.

இவ்வமைப்பிலே காரணமின்றி அமைந்தது ஒன்றுமில்லை. கற்கால்களின் மீது நிற்பதால் மழைநீர் அடியை நனைப்பதில்லை. கறையான் மண்ணிலிருந்து நேரே மரத்துக்கு ஏறுவதும் அரிதாகிறது. கீழே காற்று உலாவுவதால் அடித்தட்டு உலர்ந்தே இருக்கும். அடி ஒடுங்கி நடு பருத்திருப்பதால், கால் வழியே ஏறிவரும் எலிக்கு மேலே செல்லப் பிடி கிடையாது. மண்சுவர் தடித்திருப்பதால் பகலின் வெப்பமும் இரவின் குளிரும் நெல்லைச் சட்டென்று தாக்குவதில்லை. வேப்பிலையையும் வேறு சில தழைகளையும் நெல்லோடு கலந்து வைத்துப் பூச்சிகளை விலக்கினர்.

அரிசியாக வையாது நெல்லாகவே வைத்ததிலும் அறிவு உண்டு. உமி என்பது ஒவ்வொரு மணிக்கும் இயற்கை அணிவித்த கவசம். அதை நீக்கிவிட்டால் வண்டு எளிதிற் பற்றிக்கொள்ளும். இக்கால வேளாண் அறிஞர், நெல்லிலே 100 பங்குக்கு 14 பங்குக்கு மேல் ஈரம் இருக்குமாயின் அதை நெடுநாள் வைத்தல் ஆகாது என்பர். ஈரநெல் தானே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். ஈரமானி என்னும் கருவி நம் உழவனிடம் இருக்கவில்லை. அவன் ஒரு நெல்மணியை எடுத்துப் பல்லிடையே வைத்துக் கடித்தான். 'டக்' என்று முறிந்தால் உள்ளே கொட்டினான். நசிந்தால் மறுபடியும் பாயிலே பரப்பினான்.

கண்டி இராச்சியத்திலே நெல் உணவு மாத்திரமன்று. அளவும் வரியும் வட்டியும் அதுவே. வயலின் பரப்பை, அதில் விதைக்கப்படும் நெல்லின் அளவைக் கொண்டே மக்கள் கூறினர். 10 குருணி ஒரு பேலா; 4 பேலா ஒரு அமுணம். "இவனுக்கு இரண்டு அமுணம் நிலம் உண்டு" என்றால், இரண்டு அமுணம் விதை கொள்ளும் வயல் உண்டு என்பது பொருள். மட்டக்களப்புத் தமிழரும் அமுணம் என்னும் சொல்லை நன்கறிவர். இரு மொழிக்கும் பொதுவான அளவு அது. அரசனுக்கு நேரே உரித்தான ஊர்கள் கபடாகம் எனப்பட்டன. கபடாவ என்பது களஞ்சியத்தைக் குறிக்கும் சொல். ஆகவே களஞ்சியத்தூர் என்று நாம் அதைத் தமிழாக்கலாம். அவ்வூரார் தம் கடமையூழியத்தால் விளைவித்த நெல் அரசனின் களஞ்சியத்தைச் சென்று சேர்ந்தது.

இக்காலத்தை நேரிற் கண்டவருள் ஒருவர் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1660 ஆம் ஆண்டிலே கொட்டியாரக் கரையிற் பிடிக்கப்பட்டு மலைநாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட அவர், 1679 ஆம் ஆண்டு தப்பிச் செல்லும்வரை ஏறத்தாழ 20 ஆண்டுகள் கண்டி இராச்சியத்திலே சிறையிருந்தார். சிறை என்றாலும் இரும்புக் கம்பிகளுக்குள் அன்று, ஊருக்குள்ளே. அவர் வீடமைத்து வாழ்ந்த எலதெத்த என்னும் ஊர், கண்டி நகருக்கு அணித்தேயுள்ள உடுநுவரைப் பகுதியில் இன்றும் உண்டு. அங்கே அவர் செய்த தொழில்களுள் ஒன்று நெல்லை வட்டிக்குக் கொடுத்தல். விதைக்கும் காலத்தில் ஒரு பங்கு கொடுத்தால், அறுவடையில் ஒன்றரைப் பங்கு திரும்பி வரவேண்டும் என்பது அக்கால வழக்கம் என்று 1681 இல் வெளிவந்த தமது நூலில் அவர் குறித்துள்ளார். கொடுத்த நெல்லைத் திரும்பப் பெறுவது எவ்வளவு கடினம் என்பதையும் அவர் சொல்லாது விடவில்லை. நமது பழமொழியின் தந்தையார் போன்றோர் உடுநுவரையிலும் இருந்தனர் போலும்!

அதே உடுநுவரைப் புறத்திலேதான் மலைநாட்டின் பழைய கலைச்செல்வங்கள் பலவும் உள்ளன. கம்பளை அரசன் மூன்றாம் விக்கிரமபாகு 14 ஆம் நூற்றாண்டில் அமைத்த எம்பெக்கைத் தேவாலயத்தை நேயருட் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் மரத்தூண்களின் சிற்பங்களைக் காண உலகின் எத்திசையிலிருந்தும் மக்கள் வருகின்றனர். ஆனால் அதே வளாகத்தில், பழைய நெல் அட்டுவ ஒன்றும் நிற்கின்றது. மாணவர்களை அழைத்துச் செல்லும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். தூண்களின் முன்னே எல்லோரும் படம் எடுப்பர். அட்டுவவின் பக்கம் திரும்புவோர் சிலரே. தூணைச் செதுக்கியவன் உண்ட சோறு எங்கிருந்து வந்தது என்று நான் பிள்ளைகளிடம் கேட்பதுண்டு. கேட்ட பின்னரே அவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

எம்பெக்கையிலிருந்து நெடுந்தொலைவில் இல்லாத இலங்காதிலக விகாரையின் பாறையிலே சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் பொறிக்கப்பட்டுள்ளது. கடலாதெனிய விகாரையை 1344 ஆம் ஆண்டளவில் அமைத்த சிற்பியின் பெயர் கணேசுவராசாரி எனச் சாசனம் கூறும். ஆகவே, இம்மலைநாட்டின் பழமையைப் பேணுதல் ஒரு மொழியாருக்கு மாத்திரம் உரிய கடன் என்று எவரும் கருதவேண்டியதில்லை.

இனி, மலைநாட்டை விட்டுச் சற்று வெளியே பார்ப்போம். சோழநாட்டிலே, பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் செங்கல்லாலான பெருங்களஞ்சியம் ஒன்று உண்டு. தஞ்சை நாயக்கர் காலத்தில், 1600 ஆம் ஆண்டுக்கும் 1634 ஆம் ஆண்டுக்கும் இடையில் எழுந்தது. உயரம் 36 அடி. அகலம் 86 அடி. கொள்ளளவு 3000 கலம் நெல். தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அதைக் காக்கப்பட்ட சின்னமாக அறிவித்துள்ளது. திருவரங்கம் கோயிலுக்குள்ளும் வட்ட வடிவான பெரிய நெற்களஞ்சியங்கள் உள்ளன. கொட்டாரம் என்பது அவற்றின் பெயர். பீகாரின் பாட்னா நகரிலே கோல்கர் என்னும் மாபெருங் குவிமாடம் நிற்கிறது. 1770 ஆம் ஆண்டின் கொடும் பஞ்சத்துக்குப் பின்னர், இனியொரு பஞ்சம் வாராது காக்கக் கருதி ஆங்கிலேயர் கட்டியது. யோன் கார்ஸ்ரின் என்னும் பொறியியலாளர் 1786 இல் அதை முடித்தார். உச்சிக்கு ஏற 145 படிகள். ஆனால் அது ஒருமுறை தானும் முழுமையாக நிரம்பியதில்லை. பஞ்சம் வந்த பின்னர் எழுப்பிய பெருமாடம் வெறுமையாகக் கிடந்தது. பஞ்சம் வருமுன்னரே உழவன் வீட்டு முற்றத்தில் நின்ற சிறு மண்கூடு ஆண்டுதோறும் நிரம்பியது. இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்த்தல் தகும்.

மேனாட்டார் இத்துறையில் வேறொரு வழியிற் சென்றனர். அமெரிக்காவின் பவலோ துறைமுகத்தில் 1842 ஆம் ஆண்டு யோசேப்பு டார்ட் என்னும் வணிகர், றொபேட் டன்பார் என்னும் பொறியியலாளரின் துணையோடு, நீராவியால் இயங்கும் தானியக் களஞ்சியம் ஒன்றை நிறுவினார். வார்ப்பட்டையிலே வரிசையாகப் பொருத்திய வாளிகள், கிணற்றில் இறைக்கும் ஏற்றம் போல, கப்பலின் வயிற்றிலிருந்து கோதுமையை அள்ளி உச்சிக்கு ஏற்றிக் கொட்டின. பின்பு வேண்டியபோது தானியம் தன் பாரத்தாலேயே கீழிறங்கியது. அதுவரை கூலியாட்கள் முதுகிலே சுமந்த வேலையைப் பொறி செய்தது. கனடாவின் புல்வெளி மாகாணங்களில், புகையிரத நிலையந்தோறும் இத்தகைய மரக்களஞ்சியங்கள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. புகையிரதக் கிளைப்பாதைகள் மூடப்பட்டபோது அவையும் ஒவ்வொன்றாக விழுந்தன. எஞ்சியவற்றுள், மனிற்றோபா மாகாணத்து இங்கிளிஸ் என்னும் சிற்றூரில் வரிசையாக நிற்கும் ஐந்து களஞ்சியங்களைத் தேசிய வரலாற்றுத் தலமாகப் பேணுகின்றனர். நூறாண்டு வயது நிரம்பாதபோதே அவற்றின் அருமையை அவர்கள் உணர்ந்துகொண்டனர். நம் நாட்டிலும் 1980 ஆம் ஆண்டிலே திருகோணமலையில் இயங்கத் தொடங்கிய மாவாலையின் நெடுங் குதிர்களைக் குடாவின் கரையிலிருந்து காணலாம். அவையும் ஒருவகைக் கொம்பறைகளே; உள்ளே இருப்பது மாத்திரம் பிறநாட்டுக் கோதுமை.

மீண்டும் கண்டிக்கு வருவோம். 1815 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2 ஆம் நாள், கண்டி ஒப்பந்தத்தோடு இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. நெல்வரி மாறவில்லை. நாளடைவில் அவ்வரியைப் பணமாகச் செலுத்தவேண்டிய நிலை வந்தபோது, களஞ்சியத்தில் நெல் இருந்தும் கையிற் காசில்லாத உழவன் இடர்ப்பட்டான். 1880 களில் வலப்பனைப் பகுதியிலே வரி நிலுவைக்காக வயல்கள் விற்கப்பட்டு, குடும்பங்கள் பல நிலமற்றுப் போயின. 1892 இலேதான் அவ்வரி ஒழிந்தது.

அதே காலத்தில், மலையின் மேற்புறத்தே வேறொரு வரலாறு நடந்துகொண்டிருந்தது. முதலிற் கோப்பிக்காகவும் பின்னர்த் தேயிலைக்காகவும் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் மக்களுக்கு வயலும் இல்லை, குதிரும் இல்லை. அவர்கள் உண்ட அரிசி இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலேறி வந்தது. தோட்டத்து அரிசிக் களஞ்சியத்தில் அளந்து கொடுக்கப்பட்டு, சம்பளத்திற் கழிக்கப்பட்டது. 1942 இல் பர்மா யப்பானியர் கையில் வீழ்ந்தபோது அக்கப்பல்கள் நின்றன. நாடெங்கும் பங்கீடு வந்தது. 1953 ஆம் ஆண்டிலே ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது நாடே ஹர்த்தாலில் இறங்கியது. 1970 களின் நடுவில் தோட்டங்களிலே பசி எத்தகையதாயிருந்தது என்பதை இன்றும் சொல்லக்கூடிய பாட்டிமார் லயன்களில் உள்ளனர். தன் களஞ்சியத்தின் திறவுகோல் பிறர் கையில் இருப்பவனின் நிலை யாது என்பதை அறிய நமக்கு வேறு பாடநூல் வேண்டியதில்லை.

பிஸ்ஸ மறைந்தமைக்குக் காரணம் எவருடைய பகைமையும் அன்று. 1950 களின் இறுதியில் எச்-4 என்னும் நெல்லினம் பரவியது. அதன்பின் இன்னும் கூடிய விளைவு தரும் இனங்கள் வந்தன. 1971 இல் நெல் சந்தைப்படுத்தும் சபை அமைந்தது. சாக்கு வந்தது, பாரவண்டி வயற்கரைக்கே வந்தது, ஆலை வந்தது. அறுத்த நெல்லை அன்றே விற்றுப் பணமாக்கி, வேண்டியபோது கடையில் அரிசி வாங்குவது எளிதாயிற்று. இவையாவும் மக்களுக்கு நன்மையும் செய்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் முற்றத்திலே நின்ற பிஸ்ஸவுக்கு வேலை இல்லாமற் போயிற்று. வேலை இல்லாத மண்வீடு, கூரை மாற்றுவாரின்றி, மூன்று மாரிக்கு மேல் நிற்பதில்லை.

நேயர்களே, இந்த இடத்தில் என் குற்றம் ஒன்றை நான் ஒளியாது கூறல் வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், தேயிலைத் தோட்டத்தின் எல்லையும் சிங்களக் கிராமத்தின் வயலும் சந்திக்கும் ஓரிடத்திலுள்ள பாடசாலையில் பிரதி அதிபராகப் பணியாற்றினேன். அப்பாடசாலைக் காணியின் ஒரு மூலையிலே, கூரை சரிந்த பிஸ்ஸ ஒன்று நின்றது. அக்காணி முன்னர் ஓர் உழவர் குடும்பத்துக்கு உரியதாயிருந்தது. புதிய வகுப்பறைக்குச் சுவர் எழுப்ப வந்த மேற்பார்வையாளர், "இதை என்ன செய்வது?" என்று என்னிடம் கேட்டார். பாம்பு குடியிருக்கும், பிள்ளைகளுக்கு ஆபத்து என்று எண்ணி, "இடித்துவிடுங்கள்" என்றேன். அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது.

மறுநாட் காலை ஒரு முதியவர் வந்தார். சாரமும் தோளிலே துண்டுமாக, வாசலிலே நின்றார். "மாத்தயா, அந்த நாலு கல்லையும் நான் கொண்டுபோகலாமா?" என்று சிங்களத்தில் வினவினார். "எதற்கு, ஐயா?" என்றேன். "என் பாட்டனார் வைத்த கல்" என்றார். வேறொன்றும் கூறவில்லை. கோபித்தாரில்லை, குறைகூறினாரில்லை. கைவண்டியிலே நான்கு கற்களையும் ஏற்றிக்கொண்டு சென்றார். வரலாறு கற்பிக்கும் ஆசிரியன் நான். கம்பளை அரசர்களின் ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த என் கையே, சாளரத்துக்கு வெளியே நின்ற வரலாற்றை இடிக்கச் சொல்லிற்று. அந்த நான்கு கற்கள் என் மனத்தை விட்டு அகலவில்லை.

குதிரை மறுமொழி கிடைத்த அந்நாளுக்குப் பின்னர், ஒரு விடுமுறை நாளில் அம்முதியவரைத் தேடிச் சென்றேன். எண்பது வயதைக் கடந்திருந்தார். அவருடைய தோட்டத்திலே அந்த நான்கு கற்களும் பழைய இடைவெளி மாறாமல், சதுரமாக நடப்பட்டிருந்தன. மேலே ஒன்றும் இல்லை. நான் வந்த காரணத்தைத் தயங்கித் தயங்கிக் கூறினேன். பிள்ளைகளை அழைத்து வந்தால் கட்டும் முறையைக் காட்டித் தருவீர்களா என்று கேட்டேன். அவர் நெடுநேரம் என்னைப் பார்த்தார். "தை மாதம் மழை விட்ட பிறகு வாருங்கள்" என்றார்.

பதினெட்டு மாணவர் சென்றோம். பெரும்பாலோர் தோட்டத்துப் பிள்ளைகள். மூன்று சனிக்கிழமைகள் கொடியறுத்துக் கூடை பின்னினோம். நான்காம் வாரம் மண் பூசினோம். அடுத்த வாரம் சென்று பார்த்தபோது சுவர் முழுவதும் வெடித்திருந்தது. புற்றுமண் குறைவு, மிதித்தது போதாது என்றார் பெரியவர். உதிர்த்துவிட்டு, மண்ணை இரண்டு நாள் ஊறவைத்து, மறுபடியும் மிதித்தோம். இரண்டாம் முறை பூசிய சுவர் நின்றது. வேலை முடிந்தபின் அவர் அதை ஒருமுறை சுற்றி வந்து, கையாலே தட்டிப் பார்த்தார். "இது பிஸ்ஸ அன்று, பிஸ்ஸவின் பிள்ளை" என்றார். அளவிற் சிறியதுதான். ஆயினும் அடுத்த அறுவடையில் அதற்குள் நெல் இருந்தது. ஒரு மாணவி தன் குறிப்பேட்டில் எழுதியிருந்தாள்: "எங்கள் வீட்டில் நெல் இருந்ததே இல்லை. இன்று நெல்லுக்கு ஒரு வீடு கட்டினேன்."

இந்த அனுபவத்திலிருந்து நான் கற்றதைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

முதலாவது, சட்டம் பற்றியது. நம் நாட்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1940 ஆம் ஆண்டிற்குரியது. 1815 ஆம் ஆண்டு மார்ச்சு 2 ஆம் நாளுக்கு முற்பட்டவற்றையே அது பழமைக்கு எல்லையாகக் கொண்டது. கண்டி ஒப்பந்த நாள் அது. பிற்பட்ட சின்னங்களையும் வர்த்தமானி அறிவித்தல் மூலம் காப்புக்குள் கொண்டுவர வழியுண்டு. கல்லாலும் செங்கல்லாலும் மரத்தாலும் ஆகியவற்றுக்கு இவ்வழி பொருந்தும். எம்பெக்கை அட்டுவவும் திருப்பாலைத்துறைக் களஞ்சியமும் நிலைத்திருக்க அரசின் காவல் வேண்டும்.

இரண்டாவது, மண்ணாலான பிஸ்ஸவை வேலி போட்டுக் காக்க முடியாது. அது ஆண்டுதோறும் மெழுகுவதாலும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூரை மாற்றுவதாலும் மாத்திரமே வாழும். கல்லுக்குக் காவலாளி போதும். மண்ணுக்குக் கைகள் வேண்டும். ஆகவே இங்கே பேணத்தக்கது அந்த மண்ணைக் குழைக்கும் அறிவேயாகும். அவ்வறிவு இப்போது எண்பது வயதினரின் கைகளில் மாத்திரமே இருக்கிறது. அவர்கள் செல்லும்போது அதுவும் உடன் செல்லும்.

மூன்றாவது, செய்யவேண்டியது பெருஞ்செலவுக் காரியமன்று. உங்கள் ஊரிலே பழைய பிஸ்ஸவோ, அட்டுவவோ, கொம்பறையோ, பத்தாயமோ நின்றால், இடிப்பதற்கு முன்னர் ஒரு நாள் பொறுங்கள். அளவெடுங்கள். படமெடுங்கள். எந்த மரம், எந்தக் கொடி, எந்த மண் என்று கட்டியவரிடமோ அவர் பிள்ளைகளிடமோ கேட்டு எழுதுங்கள். உறுப்புகளின் பெயரைச் சிங்களத்திலும் தமிழிலும் குறித்துக்கொள்ளுங்கள். இக்காலத்தில் ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி உண்டு. பெரியவர்களின் பேச்சையும் அதிலே பதிந்து வையுங்கள். பாடசாலை அதிபர்களுக்கு என் தனி வேண்டுகோள்: மாணவர்க்கு வரலாற்றுச் செயற்றிட்டம் கொடுக்கும்போது, நூலிலிருந்து பார்த்தெழுதும் தலைப்பைத் தவிர்த்து, முற்றத்துக்குப் போய் அளக்கும் தலைப்பை ஒருமுறையேனும் கொடுத்துப் பாருங்கள்.

இதெல்லாம் பழமை விரும்பியின் ஏக்கம் என்று சிலர் எண்ணக்கூடும். 2021 ஆம் ஆண்டிலே உரம் இல்லாமல் வயல்கள் விளைவு குன்றியதையும், 2022 ஆம் ஆண்டிலே எரிபொருளும் அரிசியும் அரிதாகி, விலை மாதத்துக்கு மாதம் ஏறியதையும் நாம் எளிதில் மறந்துவிடலாகாது. அந்நாட்களில் என் பாடசாலையிலே வெறும் வயிற்றோடு வந்து காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்த பிள்ளைகளைத் தூக்கிச் சென்றிருக்கிறேன். ஊர்தோறும் பிஸ்ஸ நின்றிருந்தால் நெருக்கடியே வந்திராது என்று நான் கூறமாட்டேன், அது பேதைமை. ஆனால், அடுத்த அறுவடை வரையில் வீட்டில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை அந்த மண்கூடு நாள்தோறும் நம் முன்னோருக்குக் கற்பித்தது. அப்பழக்கத்தை நாம் அதோடு சேர்த்து இடித்துவிட்டோம்.

பேராதனைப் பூங்காவுக்கு எதிரே, மகாவலி கங்கையின் அக்கரையில், கன்னொறுவையில் தாவர மரபுவள நிலையம் ஒன்று உண்டு. யப்பான் நாட்டு உதவியோடு அமைக்கப்பட்டது. அங்கே நம் நாட்டுப் பழைய நெல்லினங்களின் விதைகளைக் குளிரறைகளிலே, ஈரமகற்றி, பொதி செய்து, பெயரிட்டுக் காத்து வருகின்றனர். என் மாணவரை அங்கேயும் அழைத்துச் சென்றேன். குளிரறையின் கனத்த கதவைப் பார்த்துவிட்டு ஒரு பையன் என் காதோரம் வந்து, "ஐயா, இதுவும் ஒரு குதிர்தானே?" என்றான்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் குதிரை என்று சொன்னவனின் தம்பி அவன். அவனுக்கு நான் கொடுத்த மறுமொழியையே உங்களுக்கும் கூறி விடைபெறுகிறேன். ஆம், இதுவும் குதிர்தான். விதையைக் காக்கும் குதிர் இங்கே இருக்கிறது. கட்டும் அறிவைக் காக்கும் குதிரை நாம் இனித்தான் கட்டவேண்டும். அதற்கு வேண்டிய நான்கு கற்கள் இன்னும் நம் ஊர்களிலே கிடக்கின்றன.